குதிரைத் தீனி

ஐரோப்பாச் சண்டை முடிந்து மறு வருஷம் அது. பண்டாரவளை ஸ்டேஷனில் இறங்கி தெமோதரைப் பக்கம் போகிற வண்டிப் பாதையில் அரை நாள் நடந்தால் ஊத்துமலைத் தோட்டம். அங்கே தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜரான பெரியதொரையின் குதிரையைப் பார்த்துக்கொண்டவன் கந்தப்பன். அவன் பெண்சாதி காமாயி. பகலெல்லாம் மலையில் கொழுந்து எடுப்பாள். சாயந்தரம் கூடையை இறக்கி நிறுவை முடிந்ததும் பங்களாவுக்குப் பின்னால் இருந்த குதிரைக் கொட்டகைக்குப் போய்க் கொள்ளு வேகவைப்பாள், தவிடு பிசைவாள். அந்த இரண்டாவது வேலைக்குப் பெயர் கிடையாது, சம்பளமும் கிடையாது. குதிரைக்காரன் பெண்சாதி என்றால் அதுவும் சேர்ந்ததுதான்.

காமாயி வாய் உள்ளவள். கங்காணி பொன்னையா கூடையில் ஒரு கை கொழுந்தைத் தண்ணீர் என்று கழித்தால், நிறுவைத் தராசுக்கு முன்னாலேயே அவரைக் கிழித்துவிடுவாள். "இவ இருக்காளே, குதிரைய விட மோசமா ஒதைப்பா" என்று பொன்னையாவே சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்டவள்தான் அந்த வருஷம் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த எட்டு நாளை அவள் சாகும்வரை மறக்கவில்லை.

எல்லாம் அரிசியில் ஆரம்பித்தது. அதுவரை தோட்டத்தில் போட்டது புழுங்கல் அரிசி. மங்கலாக, மண் நிறத்தில், வேகும்போது ஒரு வாடை அடிக்கும். சண்டைக்குப் பிறகு இந்தியாவிலிருந்து அரிசி வரத்து நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ரங்கூன் பச்சரிசி வந்தது. மிஷினில் தீட்டித் தீட்டி, கண்ணாடி மாதிரி வெள்ளை. முதல் சனிக்கிழமை அதைச் சாக்கில் வாங்கிய பெண்கள் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். தொரைமார் சாப்பிடுகிற அரிசி என்று சொல்லிக்கொண்டார்கள். வாடை இல்லை, கல் இல்லை, பூப்போல வெந்தது.

இரண்டு மாதம் போனபின் கால் மரக்க ஆரம்பித்தது. முதலில் பாதம். அடுப்பு நெருப்பை மிதித்தாலும் சுரணை இல்லை. பிறகு முழங்காலுக்குக் கீழே வீங்கும். கட்டை விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து, விரலை எடுத்த பின்னும் அப்படியே நிற்கும். மலையேறுகிறவர்கள் நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார்கள். தோட்டத்து மருந்துக்காரர், கூலிகள் வரிசையாகக் குடியிருந்த லயங்கள் சுத்தமில்லை என்று சொல்லிச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். எல்லோருக்கும் விளக்கெண்ணெய் கொடுத்தார்.

பெரியவர்கள் எப்படியோ இழுத்துக்கொண்டு நடந்தார்கள். குழந்தைகள்தான் தாங்கவில்லை. அதுவும் பால்குடி மறக்காத குழந்தைகள், இரண்டு மாதம் மூன்று மாதத்துப் பிஞ்சுகள். நன்றாகத்தான் இருக்கும். திடீரென்று பால் குடிக்காது. பிறகு குரல் போய்விடும். வாயைத் திறந்து, முகம் சிவந்து, உடம்பெல்லாம் முறுக்கி அழும். சத்தம் மட்டும் வராது. அதற்குப் பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோதான். மூன்று பிள்ளைகள் இப்படிப் போயின.

காமாயியின் பயலுக்கு அப்போது ஏழு மாதம். தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பிராவில் அவன் போடுகிற கூச்சல் பக்கத்து மலைவரை கேட்கும். கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காமாயியின் காலிலும் வீக்கம் இல்லை, கந்தப்பனுக்கும் இல்லை. ஏதோ வைத்திருக்கிறாள், மற்ற பிள்ளைகளின் உயிரை வாங்கித் தன் பிள்ளைக்குக் கொடுக்கிறாள் என்று ஒரு பேச்சு லயத்தில் ஓடியது. மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் குடம் பிடிக்கப் போனால் அவளுக்கு முன்னால் நிற்பவர்கள் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

அவள் வைத்திருந்தது செய்வினை அல்ல, கொள்ளு.

பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது ஒரு நாள் பசி தாங்காமல் குதிரைக்கு வேகவைத்த கொள்ளில் ஒரு பிடி அள்ளித் தின்றாள். மறுநாளும் தின்றாள். பிறகு கொள்ளு வடித்த தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்தாள். தவிட்டைச் சலித்து, கருப்பட்டி சேர்த்து உருட்டி, கந்தப்பனுக்கும் கொடுத்தாள். அவன் முதலில் பயந்தான். பிறகு அவனும் பழகிக்கொண்டான். கொள்ளு மூட்டை இருந்த பெட்டியின் சாவி அவன் இடுப்பில்தான் தொங்கியது. அவர்கள் எடுத்ததைக் குதிரை யாரிடமும் சொல்லவில்லை.

இதற்கும் கால் வீக்கத்துக்கும் சம்பந்தம் உண்டென்று அவள் நினைத்ததேயில்லை, கோழி வரும்வரை.

கணக்கப்பிள்ளை வீட்டில் ஏழெட்டுக் கோழிகள் இருந்தன. மிஞ்சின வெள்ளைச் சோற்றைத்தான் அவற்றுக்குப் போடுவார்கள். அவற்றில் ஒன்று கால் இழுத்து, கழுத்து பின்னுக்கு வளைந்து, வானத்தைப் பார்த்தபடி விழுந்து கிடந்தது. சீக்குக் கோழி என்று அந்த வீட்டம்மா அதைக் குதிரைச் சாணிக் குவியலில் வீசினாள். சீக்கானாலும் கறி கறிதான் என்று காமாயி அதை எடுத்துக் கொட்டகையில் ஒரு கூடைக்கடியில் கவிழ்த்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அறுக்கலாம், அதுவரை சாகாமல் இருக்கட்டும் என்று அலகைப் பிரித்து, தண்ணீரில் கரைத்த தவிட்டைக் கொஞ்சம் ஊட்டினாள். மறுநாளும் ஊட்டினாள். மூன்றாம் நாள் கூடையைத் தூக்கியபோது கோழி எழுந்து நின்றது. கழுத்து நேராக இருந்தது. அவள் கால் விரலைத் தானியம் என்று நினைத்துக் கொத்திவிட்டு, சிதறிக் கிடந்த கொள்ளைப் பொறுக்கப் போயிற்று.

காமாயி கூடையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். கோழியின் காலைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். சுவரோரம் இருந்த தவிட்டுச் சாக்கைப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்க" என்று கந்தப்பனைக் கூப்பிட்டாள். "எல்லாருக்கும் இதுதாங்க கொறை. அந்த வெள்ள அரிசியில ஒன்னுமே இல்ல. எல்லாம் இந்தத் தவிட்டோட போயிருச்சு. நம்ம புள்ள பொழைச்சது இதுலதான்."

கந்தப்பன் கோழியைப் பார்க்கவில்லை, பங்களாப் பக்கம் பார்த்தான். "மெதுவாப் பேசு புள்ள. போன வருசம் சீனி எடுத்தான்னு சமையக்காரனைப் பதுளைக் கோர்ட்டுல நிறுத்தி ஆறு மாசம் உள்ள போட்டாங்க. நாம ஒரு வருசமாத் தின்னுருக்கோம். நீ இதை லயத்துல சொன்னா, கொள்ளு உனக்கு எப்புடித் தெரியும்னு மொதக் கேள்வி வரும்."

"ரெங்கம்மா புள்ளைக்கு ரெண்டு நாளாப் பால் சரியா எறங்கலைங்க."

"என் கையப் புடிச்சுச் சத்தியம் பண்ணு. நம்ம பயலுக்காகச் சொல்றேன்."

ரெங்கம்மா லயத்தில் சுவரடுத்த காம்பிராக்காரி. கூலிகளைக் கப்பலேற்றுகிற மண்டபத்து முகாமிலிருந்து இருவரும் ஒரே கூட்டத்தில் வந்தவர்கள். மலைப்பாதையில் ரெங்கம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் மூட்டையையும் சேர்த்துச் சுமந்தவள் காமாயி. ஆனாலும் அவள் சத்தியம் பண்ணினாள். பண்ணிவிட்டு எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் பிள்ளைக் காம்பிராவிலிருந்து ஆயா மலைக்கு ஆளனுப்பினாள். ரெங்கம்மா கூடையை அப்படியே தேயிலைச் செடிகளுக்கு நடுவே போட்டுவிட்டு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது.

அன்று சாயந்தரம் குழி மூடிவிட்டு வந்தபோது, பிள்ளைக் காம்பிரா வாசலில் பெரியாயி உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது, முதல் பிள்ளை. மடியில் கிடந்த மூன்று மாதக் குழந்தை வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

காமாயி கந்தப்பனைத் திரும்பிப் பார்த்தாள். "சத்தியம் முடிஞ்சு போச்சுங்க" என்றாள். அவன் பதில் சொல்வதற்குள் பெரியாயியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

பெரியாயியின் புருஷன் குறுக்கே வந்தான். "ஒங்க வீட்டு மருந்து எங்களுக்கு வேணாம்."

"இது மருந்து இல்ல. குதிரைத் தீனி. நானும் திங்கிறேன், எம்புருசனும் திங்கிறாரு. நாங்க திருடித் திங்கிறோம். இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல? போய்ச் சொல்லணும்னா தொரைகிட்டப் போய்ச் சொல்லு. ஆனா மொதல்ல உம்புள்ளையக் குடு."

அவன் வழியை விட்டு விலகினான். காமாயி தவிட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினாள். தேன் நிறத்தில் இறங்கிய தண்ணீரைப் பாலாடையால் குழந்தையின் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பெரியாயிக்கு ஒரு சட்டி வெந்த கொள்ளு. "உப்பு இருக்கு, மொளகா இருக்கு. மொகத்தைச் சுளிக்காம முழுசாத் தின்னு. நீ தின்னாத்தான் பால்ல எறங்கும்."

மறுநாள் மத்தியானம் குழந்தையின் மூச்சு இரைப்பு அடங்கியது. மூன்றாம் நாள் முகத்து வீக்கம் வற்றி, தானாகப் பாலுக்குத் தலையைத் திருப்பியது. குரல் வர மட்டும் ஆறு நாள் ஆயிற்று. முதலில் பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சு. பிறகு வீடு இடிகிற மாதிரி ஓர் அலறல். லயத்தில் இருந்த அத்தனை பேரும் வாசலுக்கு வந்து அந்த அழுகையைக் கேட்டார்கள். பெரியாயி பிள்ளையைச் சமாதானம் பண்ணவேயில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டுத் தானும் அழுதாள்.

அதற்குப் பிறகு காமாயியின் அடுப்புக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். கையில் ஒரு சட்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டு வருவார்கள். யாரும் செய்வினைப் பேச்சை எடுக்கவில்லை. ரெங்கம்மா மட்டும் வரவில்லை.

ஒரு குதிரைக்கு வந்த தீனி முப்பது பேருக்குப் போனால் எத்தனை நாள் வரும்? மாதம் பாதி ஓடுவதற்குள் பெட்டியின் அடி தெரிந்தது; பங்கு குறைந்ததும் வற்றிய கால்கள் மறுபடி வீங்கின. பதுளையிலிருந்து கொள்ளும் தவிடும் அனுப்புகிறவர் வாஹித் நானா; முஸ்லிம் வியாபாரிகளை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கடைத்தெருவில் கடை, சொந்தமாக மாட்டு வண்டி, வெள்ளைத் தொப்பி, குட்டையான தாடி. தொரை அவரை வரச் சொல்லி ஆளனுப்பினார்.

அவர் வந்து சேர்ந்தபோது சாயந்தர நிறுவை நடந்துகொண்டிருந்தது. ஸ்டோர் வாசலில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். பொன்னையா தராசருகே நின்றார். தொரை குதிரையிலிருந்து இறங்காமலே கத்தினார்.

"நீ கள்ளன். மூட்டை கொறைவு. என் குதிரைக்குத் தீனி இல்லே."

வாஹித் நானாவின் முகம் கறுத்துவிட்டது. "தொரை, நான் இருபத்திரெண்டு வருஷமா யாவாரம் செய்யிறன். அல்லாஹ் அறிய, என்ட அளவுல ஒரு புடி கொறைஞ்சதில்ல."

"பொய். இனி உன் வண்டி இந்தத் தோட்டத்திலே வரக்கூடாது. போ!"

அத்தனை பேர் முன்னால் அந்த மனுஷர் தொப்பியைச் சரிசெய்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் சரிசெய்தார். வண்டியை நோக்கித் திரும்பினார்.

காமாயி கூடையைக் கீழே வைத்தாள். வரிசையை விட்டு வெளியே வந்தாள்.

"அந்த நானாவ விட்டுருங்க தொரை. மூட்டை சரியாத்தான் வந்துச்சு. எடுத்தது நான்."

பொன்னையா பாய்ந்து வந்தார். "ஏய், வரிசைக்குப் போடி!"

"போறேங்க கங்காணி. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுப் போறேன்." அவள் தொரையை நிமிர்ந்து பார்த்தாள். குதிரை மேல் இருந்த ஆளைப் பார்க்க அவ்வளவு நிமிர வேண்டியிருந்தது. "குதிரைத் தீனிய நான் தின்னேன். என் புள்ளைக்குப் பால் அதுலதான் ஊறுச்சு. பெறகு இவங்களுக்கும் குடுத்தேன். நீங்க போடுற வெள்ள அரிசியில உசுரு இல்லைங்க. அதைத் தின்னு நாலு புள்ளைங்க செத்துருச்சு."

"குதிரை ஓடணும்" என்று தொரை கத்தினார். "அதுக்குத்தான் கொள்ளு!"

"நாங்களும் மலையேறணும்ல தொரை? குதிரைக்காவது நாலு காலு. எங்களுக்கு ரெண்டுதான் இருக்கு. அதுவும் இப்ப இல்ல."

சொல்லிவிட்டு, வரிசையில் முன்னால் நின்ற ஒரு பெண்ணின் அருகே குனிந்து, அவள் சேலையைக் கெண்டைக்கால் அளவு விலக்கி, கட்டை விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. அது எழும்பவில்லை. அடுத்தவளுக்கும் அழுத்தினாள். மூன்றாவது பெண் அவள் வருமுன் தானே குனிந்து அழுத்திக் காட்டினாள். அப்படியே வரிசை முழுக்க ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள். அறுபது பெண்கள், வாய் திறக்காமல், தங்கள் காலில் தாங்களே குழி பறித்துக் காட்டினார்கள். கடைசியில் காமாயி தன் காலை நீட்டி அழுத்தினாள். சதை உடனே எழும்பிக்கொண்டது.

அப்போது கந்தப்பன் கொட்டகைப் பக்கமிருந்து நடந்து வந்தான். பெண்சாதியின் பக்கத்தில் நின்றான். "நானுந்தாங்க. பெட்டிச் சாவி என் இடுப்புலதான இருந்துச்சு" என்று இடுப்பிலிருந்து அவிழ்த்துத் தரையில் வைத்தான்.

தொரை காலைப் பார்த்தாரா என்று யாருக்கும் தெரியாது. முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது. "நாளைக்குக் காலையிலே இந்த ரெண்டு பேரும் என் தோட்டத்திலே இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். கோர்ட்டுக்கு அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. அறுபது கால்களையும் மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் கொண்டுபோய்க் காட்ட அவருக்கு விருப்பம் இருந்திருக்காது.

மறுநாள் சனிக்கிழமை. காமாயியும் கந்தப்பனும் பாயைச் சுருட்டி, சட்டிபானையைக் கட்டி, பயலை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டினார்கள். தாண்டியதும் காமாயி மூட்டையை இறக்கிவிட்டாள்.

"என்ன புள்ள, கொஸ்லந்தப் பக்கம் போவோம்னு சொன்னேல்ல?"

"போவோங்க. இன்னைக்கு இல்ல. கல்லுக்கு அந்தப் பக்கந்தான் தொரைது. இது கவர்மெண்டு ரோடு." மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாள்.

அதே நேரம் அரிசிக் காம்பிராவின் வாசலில் வாராந்தர அரிசி போட்டார்கள். முதலில் நின்றவள் பெரியாயி. கணக்கப்பிள்ளை அளந்து அவள் சாக்கில் கொட்டினார். அவள் சாக்கை வாங்கி, இரண்டு அடி நகர்ந்து, திரும்பி வந்து, அத்தனை அரிசியையும் அவர் காலடியில் விரித்திருந்த பாயிலேயே கவிழ்த்தாள்.

"இந்த அரிசி எங்களுக்கு வேணாங்கய்யா" என்றாள். அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆகவே இன்னொரு தரம், உரக்கச் சொன்னாள். "வேணாம்! அரிசியோட தவிடும் கொள்ளும் போடுங்க. காமாயியக்காவத் திருப்பிக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் கொழுந்து எடுக்க வரமாட்டோம்."

அடுத்தவளும் கவிழ்த்தாள். அதற்கடுத்தவளும். பொன்னையா பட்டினி கிடந்து சாவீர்கள் என்றார். ஒருத்தி, சாப்பிட்டுச் சாகிறதுக்கு இது பரவாயில்லை என்று பதில் சொன்னாள். பாயில் வெள்ளை அரிசி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது.

ஆனால் பட்டினி கிடக்கவில்லை. ஆண்கள் பள்ளத்துச் சிங்கள கிராமத்துக்குப் போய்க் குரக்கன் என்கிற கேழ்வரகு மாவும் பலாக்காயும் வாங்கி வந்தார்கள். ஓடைக்கரையில் கிடைத்த கீரையைப் பிடுங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லைக் கல்லருகே ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வாஹித் நானா இறங்கினார். கல்லைப் பார்த்தார், காமாயியைப் பார்த்தார்.

"தோட்டத்துக்குள்ள என்ட வண்டி வரக்கூடாதுன்னுதானே தொரை சொன்னவர். நான் ரோட்டுலதான் நிக்கிறன்" என்றார். வண்டியில் இரண்டு மூட்டைத் தவிடு, ஒரு மூட்டைக் கொள்ளு, பதுளை வயல்காரர்கள் உலக்கையால் குத்திய சிவப்பரிசி அரை மூட்டை. காமாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி மறித்தார். "நீ அண்டைக்கு என்ட மானத்தக் காப்பாத்தின. இது அதுக்கு இல்ல. இது புள்ளைகளுக்கு. எறக்குங்க, எறக்குங்க."

திங்கள், செவ்வாய், புதன். மலையில் ஒரு கூடை இறங்கவில்லை. மழை பெய்து கொழுந்து பொங்கி நின்ற நேரம். எடுக்காவிட்டால் முற்றிப்போகும். எல்லைக் கல்லுக்கு வெளியே பெரிய பானையில் கொள்ளு கொதித்தது. பெண்கள் வந்து, குடித்து, பிள்ளைகளுக்கு ஊட்டி, அங்கேயே உட்கார்ந்து பேசினார்கள். புதன்கிழமை தொரை குதிரையில் அந்த வழியாக வந்தார். கண்டுகொள்ளாமல் போய்விடலாம் என்று நினைத்திருக்க வேண்டும். ஆனால் வெந்த கொள்ளின் வாசனை பட்டதும் குதிரை நின்றுவிட்டது. கடிவாளத்தை இழுத்தார், காலால் இடித்தார். அது நகரவில்லை. கழுத்தை நீட்டிப் பானைப் பக்கம் கனைத்தது. உட்கார்ந்திருந்த பெண்களில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், அத்தனை பேரும் சிரித்தார்கள்.

காமாயி ஒரு சட்டியில் அள்ளிக்கொண்டு போய்க் குதிரையின் வாயருகே நீட்டினாள். "அதுக்கும் பசிக்குந்தான தொரை" என்றாள். குதிரை தின்று முடிக்கும்வரை தொரை அதன் மேல் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை பதுளையிலிருந்து பெரிய டாக்டர் வந்தார். மருந்துக்காரர் யாருக்கும் சொல்லாமல் கடிதம் எழுதியிருந்தார் என்று பிறகு தெரிந்தது. டாக்டர் கால்களை அழுத்திப் பார்த்தார். அரிசிக் காம்பிராவைத் திறக்கச் சொல்லி ஒரு பிடி அரிசியை வெளிச்சத்தில் பார்த்தார். தொரையோடு இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். பிறகு எல்லைக் கல்லுக்கு நடந்து வந்தார்.

"நெல்லுக்கு உமிக்குள்ள ஒரு மெல்லிய தோல் இருக்கு. மிஷின் அதையும் சேர்த்து உரிச்சிடுது. கால் நடக்கவும் நெஞ்சு அடிக்கவும் வேண்டிய சத்து அந்தத் தோல்லதான் இருக்கு. சீமையில பெரிய பெரிய டாக்டர்மாரே இதை இப்பத்தான் கண்டுபிடிச்சு அதுக்குப் பேர் வச்சிருக்கிறாங்க" என்றார். "உனக்கு யார் சொன்னது?"

"ஒரு கோழிங்க" என்றாள் காமாயி.

அவர் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "முதல்லயிருந்து சொல்லு. கோழிக்கு எத்தனை நாள் கொடுத்த?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை முதல் அரிசியோடு ஆளுக்கு ஒரு படி தவிடும் அரைப் படி கொள்ளும் போட்டார்கள். தொரை தோற்றேன் என்று சொல்லவில்லை. காமாயியையும் கந்தப்பனையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி பொன்னையாவிடம் சொன்னார், அவ்வளவுதான். குதிரைக் கொட்டகைக்கு வேறு ஆள் வந்தான். கந்தப்பனைத் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு மலைக்கு அனுப்பினார்கள். அவனுக்கு அதில் வருத்தமிருந்தது. அந்தக் குதிரையை அவன் ஆறு வருஷம் தேய்த்துக் குளிப்பாட்டியிருந்தான்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் காமாயி பீலிக்குப் போனாள். ரெங்கம்மா அங்கே தனியாக நின்று குடம் கழுவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் கை நின்றது.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள்.

காமாயி பொய் சொல்லியிருக்கலாம். பெரியாயி பிள்ளை பிழைத்த பிறகுதான் தெரிந்தது என்றால் ரெங்கம்மா நம்பியிருப்பாள். நம்பத்தான் அவள் கேட்டாளோ என்னவோ.

"கோழி எந்திரிச்ச அன்னைக்கு."

"எம்புள்ள போறதுக்கு எத்தனை நாளைக்கு முந்தி?"

"எட்டு நாளு."

தண்ணீர் குடத்தில் நிரம்பி வழிந்தது. ரெங்கம்மா அதைத் தூக்கவில்லை.

"பயந்துட்டேன் ரெங்கம்மா. தொரைக்கு எதுர நின்னேன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த எட்டு நாளு நான் நிக்கலை."

ரெங்கம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மேட்டுப் பாதையில் நடந்தாள். அதன்பின் காமாயியோடு பேசவே இல்லை. ஒரே கூரை, நடுவில் ஒரு மண்சுவர். இருமினால் கேட்கும், அடுப்பு ஊதினால் கேட்கும். காமாயி மன்னிப்புக் கேட்டு வாசலில் போய் நிற்கவும் இல்லை. கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் ரெங்கம்மாவுக்கு வந்துவிடும் என்று நினைத்தாள்.

மறு வருஷம் தொரை சீமைக்கு லீவில் போனார். அவர் இடத்துக்கு வந்த புதுத்தொரை கணக்குகளைப் புரட்டிப் பார்த்து, கூலிகளுக்கு எதற்குக் குதிரைத் தீனி என்று கேட்டாராம். அந்த வாரம் தவிட்டு மூட்டை வரவில்லை. அரிசிக் காம்பிராவின் முன்னால் பெண்கள் தயங்கி நின்றார்கள். புதுத்தொரை படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காமாயி சாக்கை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். "தவிடு எங்கங்க?" என்றாள். கணக்கப்பிள்ளை புதுத்தொரையைப் பார்த்தார். தொரை பொன்னையாவைப் பார்த்தார். பொன்னையா வானத்தைப் பார்த்தார்.

பின்னால் காலடி கேட்டது. ரெங்கம்மா வந்து காமாயியின் இடப்பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் சாக்கை உதறி, பாயின் குறுக்கே வழியை மறித்து விரித்தாள். அதன் மேல் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

"மொதல்ல தவிடு போடுங்கய்யா" என்றாள். "அப்புறமா அரிசியப் பத்திப் பேசுவோம்."